அப்பாவின் ரெக்கார்டுகளை விற்றுவிடலாமா?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த எல்.பி. ரெக்கார்டுகள் அறுபதும், அதைவிடப் பழைய, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 78 சுற்றுத் தட்டுகள் பத்துப் பன்னிரண்டும் வீட்டில் இருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் ஒரு டர்ன்டேபிள் வாங்கி ஆம்பிளிபயரின் ஆக்ஸில் (பொதுவான ஒலி உள்ளீட்டு சாக்கெட்டில்) இணைத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல மெலிந்து கேட்கிறது. அதே பாட்டின் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்', அதாவது பழைய பதிவைச் சுத்தம் செய்து மெருகேற்றிய வடிவம், போனில் பளிச்சென்று ஒலிக்கிறது. ரெக்கார்டுகளை விற்றுவிட்டு அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த ரெக்கார்டுகளை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

எல்.பி.யில் பதியும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைத் தூக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் அத்தனை பாட்டு அடங்காது. கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிக்கட்டுவது போனோ பிரீஆம்ப்பின் வேலை. முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் காந்த காட்ரிட்ஜ் தருவதும் சில மில்லிவோல்ட்தான். ஆக்ஸுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆம்பிளிபயரின் பின்னால் 'போனோ' என்று தனியாக ஒரு சாக்கெட் இருக்கிறதா, டர்ன்டேபிளில் 'போனோ – லைன்' சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், பைசா செலவில்லை. இல்லையென்றால் ஒரு சின்ன பிரீஆம்ப் பெட்டி வாங்கினால் போதும்.

அப்புறம் முள். வைர முள் சுமார் 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் எத்தனை மணி நேரம் ஓட்டினாரோ, யார் கண்டது? தேய்ந்த முள் பாட்டைக் கெடுப்பதோடு பள்ளத்தையும் சுரண்டிவிடும். அதனால் புது முள் போடாமல் இன்னொரு தட்டைச் சுழல விடாதீர்கள். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலம். அதற்குத் தடித்த முள் தனியாக வேண்டும். டர்ன்டேபிளில் அந்த வேகம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்குக் கலவையில் செய்தவை, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நான் ஒருமுறை தூசி போகட்டும் என்று ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, தட்டின் பளபளப்பும் அதோடு போயிற்று.

இதெல்லாம் முடிந்த பிறகு ரீமாஸ்டரோடு ஒப்பிடுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து. கூடுதல் சத்தம் எப்போதும் 'நல்ல ஒலி' போலவே தோன்றும். இப்போது போன் உங்களை ஏமாற்றுவது அப்படித்தான். ரீமாஸ்டரில் இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்திருந்தால் ஜால்ராவின் கிணுகிணுப்பு மழுங்கியிருக்கும், அடிக்கு அடி நடுவே பாடகர் மூச்சு இழுப்பது காணாமல் போயிருக்கும். அந்த இரண்டையும் கவனியுங்கள்.

அதற்காக ரீமாஸ்டரே மட்டம் என்று சொல்ல மாட்டேன். மூல டேப்பிலிருந்து நிதானமாகச் செய்தது, கீறல் விழுந்த தட்டைவிட எவ்வளவோ மேல். எனக்கே சில பாட்டுகள் டிஜிட்டலில்தான் பிடிக்கும். புது டிரம்ஸும் எக்கோவும் சேர்த்துவிட்டு ரீமாஸ்டர் என்று பெயர் வைப்பவர்கள் விஷயம் வேறு. அது வேறு சரக்கு.

பழைய பாட்டுகளைப் புதிதாக அச்சிட்டு விற்கும் எல்.பி.களுக்கு இப்போதைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மூல டேப்பிலிருந்தே தட்டில் பதித்தது என்று உறையில் தெளிவாகப் போடவில்லையென்றால், உங்கள் போனில் இருக்கும் அதே டிஜிட்டல் கோப்பைத்தான் தட்டில் வாங்குகிறீர்களோ என்று சந்தேகப்படலாம். அசல் தட்டு வீட்டிலேயே இருக்கும்போது அது எதற்கு?

ஒரு மாதம் கேட்டுப் பார்த்த பிறகும் விற்கத்தான் தோன்றினால் விற்றுவிடுங்கள். அதுவரை தட்டுகளைப் படுக்கப்போட்டு அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். உறைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.