ஐவிஎஃப் மையத்திலிருந்து மகப்பேறு மருத்துவரிடம் மாறும்போது: கேள்வி பதில்

ஐவிஎஃப் (முட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் முறை) சிகிச்சை மையம் "இனி நீங்கள் மகப்பேறு டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லும் நாளுக்கும், புது டாக்டர் உங்கள் ஃபைலைத் திறக்கும் நாளுக்கும் நடுவில் ஒரு வாரமோ மூன்று வாரமோ போய்விடும். மாத்திரைக் குழப்பம், தேதிக் குழப்பம், பயம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே இருப்பதால் பதில்களும் அப்படியே.

கேள்வி: பீட்டா (கர்ப்ப ஹார்மோன் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் வந்துடுச்சு, இப்போ 5 வாரக் கர்ப்பம். மகப்பேறு டாக்டர்கிட்ட எப்போ மாறணும் மேடம்? இப்பவே போயிடலாமா?

அப்பாயின்ட்மென்ட்டை இப்போதே வாங்கி வையுங்கள். நேரில் போவது 8 முதல் 10 வாரத்துக்குள் இருந்தால் போதும். 6-7 வாரத்தில் இதயத்துடிப்பு பார்க்கும் ஸ்கேனையும், 8-9 வாரத்தில் வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனையும் மையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, எத்தனை, துடிப்பு எப்படி என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். சில மையங்கள் 12 வாரம் வரை தாங்களே பார்ப்பார்கள். அப்படியானாலும் முதல் மூன்று மாத ஸ்கிரீனிங்குக்கு நாள் குறிக்க வேண்டியிருப்பதால் 10 வாரத்துக்குள் புது டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். போனில் பேசும்போதே "ஐவிஎஃப் கர்ப்பம், இன்ன தேதியில் டிரான்ஸ்ஃபர் (கருவைக் கருப்பையில் வைத்தது), இந்த மருந்துகள் ஓடுகின்றன" என்று சொல்லிவிட்டால் சரியான வாரத்தில் நாள் கொடுப்பார்கள்.

கேள்வி: ஆப் ஒரு தேதி காட்டுது, மையம் ஒரு தேதி சொல்றாங்க, புது டாக்டர் கடைசி பீரியட் தேதி கேட்டு வேற ஒண்ணு எழுதிட்டாங்க. எதை நம்புறது?

மையம் சொன்ன தேதியை. மாத்திரை கொடுத்துத் தயார் செய்த சுழற்சியில் கடைசி பீரியட் தேதிக்கும் கரு உருவான நாளுக்கும் வழக்கமான 14 நாள் கணக்கு பொருந்தாமல் போகலாம். ஐவிஎஃப்பில் கருவின் வயது நாள் கணக்காகத் தெரியும். அதைவிடத் துல்லியமான ஆதாரம் வேறு கிடையாது.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐந்தாம் நாள் கரு (பிளாஸ்டோசிஸ்ட்) வைத்திருந்தால், வைத்த நாளன்றே கர்ப்பத்தின் வயது 2 வாரம் 5 நாள். அந்த நாளிலிருந்து 261 நாள் கூட்டினால் பிரசவ தேதி. மூன்றாம் நாள் கரு என்றால் 263. மார்ச் 1 அன்று ஐந்தாம் நாள் கரு வைத்தவருக்கு ஏப்ரல் 7 அன்று 8 வாரம், ஏப்ரல் 21 அன்று 10 வாரம், மே 5 அன்று 12 வாரம், பிரசவ தேதி நவம்பர் 17. உறைய வைத்த கருவுக்கும் இதே கணக்குதான். ஃப்ரீசரில் இருந்த மாதங்கள் இதில் சேராது.

ஸ்கேனில் இரண்டு மூன்று நாள் முன்பின் காட்டினால் தேதியை மாற்றக் கூடாது. அளவு ஒரு வாரத்துக்கு மேல் பின்தங்கினால் அது வளர்ச்சி பற்றிய கேள்வி. அங்கே தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டால் கவனிக்க வேண்டிய விஷயம் மறைந்துபோகும். அதனால் "டிரான்ஸ்ஃபர் தேதி இது, கரு ஐந்தாம் நாள்" என்பதை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மையத்துல 10 வாரத்துல புரோஜெஸ்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோன்) நிறுத்தச் சொன்னாங்க. என் அக்காவுக்கு 12 வாரம் வரை குடுத்தாங்க. நிறுத்தினா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

நீங்களும் அக்காவும் ஒரே வகை சுழற்சியில் இருந்திருக்க மாட்டீர்கள். முட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் என்ற சிறு கட்டி உருவாகி, முதல் வாரங்களில் அதுதான் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். 7 வாரத்திலிருந்து 10 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையைப் படிப்படியாக ஏற்றுக்கொள்ளும். ஃப்ரெஷ் டிரான்ஸ்ஃபரிலும், இயற்கைச் சுழற்சியில் உறைகரு வைத்தாலும் இந்தக் கட்டி இருக்கும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து கருப்பையைத் தயார் செய்த சுழற்சியில் முட்டையே வெளிவருவதில்லை, ஆகவே அந்தக் கட்டியும் இல்லை. அவர்களுக்கு நஞ்சுக்கொடி கைகொடுக்கும் வரை முழுக்க முழுக்க மருந்துதான் ஆதாரம். இரண்டு நாள் மருந்து தீர்ந்துபோனாலும் அவர்களுக்கு ஆபத்து. மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை.

ஆகவே மையத்திடம் கேட்க வேண்டியது: என்னுடையது எந்தச் சுழற்சி, நிறுத்தும் தேதி எது, ஒரேயடியாக நிறுத்துவதா குறைத்துக் குறைத்தா. 10-12 வாரத்தில் தேவையான புரோஜெஸ்டிரோனை நஞ்சுக்கொடியே சுரந்துவிடும். குறைத்துக் குறைத்து நிறுத்துவது பெரும்பாலும் மன நிம்மதிக்காகத்தான், அதிலும் தவறில்லை. பிறப்புறுப்பில் வைக்கும் மருந்து நேராகக் கருப்பைக்குப் போவதால் ரத்தத்தில் அளவு குறைவாகவே காட்டும். புது டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸை ஏற்ற நினைத்தால், முதலில் மையத்தோடு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: மத்த மாத்திரை எல்லாம்? தைராய்டு, ஒரு ஸ்டீராய்டு, வயித்துல போடுற ஊசி, ஆஸ்பிரின், மெட்ஃபார்மின்னு ஆறு ஏழு ஓடுது. "12 வாரத்தோட எல்லாத்தையும் நிறுத்திடுங்க"ன்னு சொன்னாங்க.

"எல்லாத்தையும்" என்ற சொல்தான் ஆபத்து. நர்ஸ் மனதில் ஹார்மோன் மருந்துகள் மட்டும் இருந்திருக்கும். கேட்பவர் தைராய்டு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவார்.

தைராக்ஸினை நிறுத்தவே கூடாது. கர்ப்பத்தில் அதன் தேவை சாதாரணமாக 25-30 சதவீதம் கூடும். பல மருத்துவர்கள் பாசிட்டிவ் வந்ததுமே வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 ஆக்கிவிடுவார்கள். டிஎஸ்எச் (தைராய்டு போதுமா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை. இன்னொன்று அடிக்கடி நடக்கிறது: மகப்பேறு டாக்டர் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஆரம்பிப்பார், அவற்றைக் காலையில் தைராக்ஸினோடு சேர்த்து விழுங்கிவிடுவார்கள். தைராக்ஸின் உடம்பில் ஏறாது, டிஎஸ்எச் கூடிவிடும். நடுவில் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஸ்டீராய்டு (பிரெட்னிசோலோன்) மூன்று வாரத்துக்கு மேல் ஓடியிருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது. குறைக்கும் அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். வயிற்றில் போடும் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) எதற்காக ஆரம்பித்தது என்ற காரணம் புது டாக்டருக்குத் தெரிய வேண்டும். ரத்தம் உறையும் கோளாறுக்கு என்றால் பிரசவம் வரையும் அதன் பிறகும்கூடத் தொடரலாம். மையத்தின் வழக்கப்படி கொடுத்தது என்றால் நிறுத்திவிடுவார்கள். பிரசவம் வரை ஓடினால், முதுகில் போடும் வலிநிவாரண ஊசிக்கு முன் தடுப்பு அளவு டோஸிலிருந்து 12 மணி நேரம், சிகிச்சை அளவு டோஸிலிருந்து 24 மணி நேரம் இடைவெளி தேவை. மெட்ஃபார்மின் விஷயத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துப் புது டாக்டர் முடிவெடுப்பார்.

ஆஸ்பிரினை மட்டும் தனியாகக் கேளுங்கள். மையம் கருப்பை ரத்த ஓட்டத்துக்கு என்று கொடுத்திருக்கலாம். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலான பிரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்கவும் அதே குறைந்த டோஸ் ஆஸ்பிரின் உண்டு. அதை 12 வாரத்துக்குப் பிறகு, முடிந்தவரை 16 வாரத்துக்கு முன், ஆரம்பிப்பார்கள். ஐவிஎஃப் கர்ப்பத்தோடு முதல் குழந்தை, 35 வயதுக்கு மேல், அதிக எடை போன்ற ஒன்று சேர்ந்தாலே அது பற்றிப் பேச வேண்டும். மையம் 12 வாரத்தில் நிறுத்தச் சொல்ல, புது டாக்டர் தொடர வேண்டியவர் என்று நினைக்க, இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போகிறது.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: மருந்தும் டோஸும், எதற்காக, நிறுத்தும் தேதி, இனி சீட்டு எழுதுவது யார். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் மருந்து எதுவோ அதுதான் பாதியில் தீர்ந்துபோகும்.

கேள்வி: ஃபைல் 200 பக்கம் இருக்கு. எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகணுமா?

முழு ஃபைலின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். டாக்டர் கையில் கொடுக்க இரண்டு பக்கச் சுருக்கம் வாங்குங்கள். அதில் முட்டை எடுத்த தேதி, டிரான்ஸ்ஃபர் தேதி, கருவின் நாள், எத்தனை வைத்தார்கள், ஃப்ரெஷ்ஷா உறைகருவா, எந்தச் சுழற்சி, கருவில் மரபணுப் பரிசோதனை செய்ததா, பீட்டா எண்கள், ஸ்கேன் அளவுகள், ரத்த வகை, ருபெல்லா, தொற்றுப் பரிசோதனைகள் எல்லாம் இருக்க வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது அறுவை சிகிச்சைக் குறிப்பு. ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி) எடுத்திருந்தால் கருப்பையின் உள்ளறை வரை வெட்டினார்களா என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும். சுகப்பிரசவத்துக்கு விடலாமா என்பதே அதைப் பொறுத்தது. அந்தக் குறிப்பைப் பிரசவ வலி வந்த இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: பெசரி (பிறப்புறுப்புல வைக்கிற புரோஜெஸ்டிரோன் மருந்து) வைக்கிறேன். உள்ளாடையில வெள்ளையா மாவு மாதிரி வருது, ரெண்டு நாளா லேசா பிரௌனும் கலந்திருக்கு.

வெள்ளையாக வருவது மருந்தைச் சுமந்த கொழுப்பு. மருந்து உள்ளே போய்விட்டது, மறுபடி வைக்க வேண்டாம். பழுப்பு நிறம் கருப்பைவாய் உரசலாலும் வரலாம், என்றாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். சிவப்பாக, பேட் நனையும் அளவுக்கு வந்தாலோ, ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் இருந்தாலோ அவசரப் பிரிவுக்கே போங்கள். இரண்டு கரு வைத்தவர்களில் ஒன்று கருப்பையில் நன்றாக இருக்க, மற்றொன்று குழாயில் தங்குவதும் அபூர்வமாக உண்டு. ரத்த வகை நெகட்டிவ் என்றால் ரத்தப்போக்கின்போது அதை முதலிலேயே சொல்லுங்கள், ஆன்டி-டி ஊசி (தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுப்பது) தேவையா என்று பார்ப்பார்கள்.

கேள்வி: என் மனைவிக்கு ஃப்ரெஷ் டிரான்ஸ்ஃபர், இப்போ அஞ்சரை வாரம். வயிறு உப்பி ரெண்டு நாள்ல 2 கிலோ ஏறிடுச்சு. யாரைக் கூப்பிடணும்?

மையத்தை, இன்றே. கர்ப்பம் தங்கியதும் உடம்பு சுரக்கும் எச்சிஜி ஹார்மோன், ஏற்கெனவே தூண்டப்பட்ட சினைப்பைகளை மேலும் வீங்க வைக்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். இதைத் தினமும் பார்ப்பவர்கள் மையத்தினர்தான். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்து கருத்துப் போனாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ, காலோ கையோ கழுத்தோ ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ போனில் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து இந்த நிலையில் உண்மையானது.

கேள்வி: கருவை மரபணு டெஸ்ட் பண்ணி நார்மல்னு வந்துதான் வெச்சோம். அப்புறமும் என்டி ஸ்கேன் (குழந்தையோட கழுத்துப் பின்பக்க நீர் அளவைப் பாக்குறது) எதுக்கு?

அந்தச் சோதனை கருவின் வெளி அடுக்கிலிருந்து எடுத்த சில செல்களைப் பார்க்கிறது, அவை பின்னால் நஞ்சுக்கொடி ஆகுபவை. குரோமோசோம் எண்ணிக்கையைத்தான் சொல்லும், இதயத்தின் அமைப்பை, முதுகெலும்பைச் சொல்லாது. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாளுக்குள், குழந்தையின் நீளம் 45-84 மில்லிமீட்டர் இருக்கையில் என்டி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். படிவத்தில் வயது கேட்கும் இடத்தில் முட்டை எடுத்தபோது இருந்த வயது கணக்கில் வர வேண்டும். 34 வயதில் எடுத்த முட்டைக்கு 38 என்று போட்டால் ரிஸ்க் எண் தேவையில்லாமல் ஏறும். தானம் பெற்ற முட்டை என்றால் தானம் செய்தவரின் வயது. இரண்டில் ஒரு கரு பாதியில் நின்றுபோயிருந்தால் ரத்தத்தில் செய்யும் டிஎன்ஏ பரிசோதனைக்கு முன் அதையும் சொல்ல வேண்டும், அதன் டிஎன்ஏ சில வாரங்கள் ரத்தத்தில் தங்கி முடிவைக் குழப்பும்.

கேள்வி: முட்டை தானம்னு புது டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணுமா? குடும்பத்துல யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன வயதுக் கணக்குக்கு வேண்டும். அதைவிட முக்கியமாக, தானமுட்டைக் கர்ப்பத்தில் பிரீஎக்லாம்ப்சியா வாய்ப்பு கூடுதல் என்பதால் ரத்த அழுத்தத்தை இன்னும் நெருக்கமாகப் பார்ப்பார்கள். ஆனால் அது எங்கே எழுதப்படுகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வார்டில் கட்டிலோரம் தொங்கும் தாளில் அது இருக்கத் தேவையில்லை. கூட வருபவர்கள் முன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் முதல் சந்திப்பிலேயே, தனியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு கருதான் வெச்சாங்க அக்கா, இப்போ ஸ்கேன்ல ரெண்டு!

ஒரு கரு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதை 14 வாரத்துக்குள் எழுதி வாங்குங்கள், பிறகு ஸ்கேனில் பிரித்துச் சொல்வது கடினம். ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். இரட்டைக் கர்ப்பம் பார்த்துப் பழகிய டாக்டரை இப்போதே தேடுங்கள்.

கேள்வி: வாரா வாரம் ஸ்கேன் பார்த்தே பழகிட்டு இப்போ நாலு வாரம் கழிச்சு வாங்கன்றாங்க. தூக்கமே இல்ல. வீட்டுல துடிப்பு கேக்குற கருவி வாங்கலாமா?

வாங்காதீர்கள். 12 வாரத்தில் பழகிய கைக்கே துடிப்பைப் பிடிக்க நேரமாகும். கிடைக்காவிட்டால் வீணாக அழுவீர்கள். உங்கள் சொந்த நாடித்துடிப்பைக் குழந்தையுடையது என்று நினைத்துவிட்டால் அதைவிட மோசம், போக வேண்டிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவீர்கள். அசைவு தெரிவது பெரும்பாலும் 18-22 வாரத்தில்தான், அதுவரை இந்தத் தவிப்பு இருக்கும். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "முதல் இரண்டு மாதம் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து துடிப்பை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாமா?" ஐந்து நிமிட வேலை, பலரும் சம்மதிப்பார்கள். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேலும் கெட்டால் அதையும் ஒரு அறிகுறியாகவே சொல்லுங்கள்.

கேள்வி: ஐவிஎஃப்னாலே சிசேரியன்தான்னு எல்லாரும் சொல்றாங்களே?

ஐவிஎஃப் என்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பது, தொப்புள்கொடி நஞ்சுக்கொடியின் ஓரச் சவ்வில் ஒட்டியிருப்பது ஆகியவை ஐவிஎஃப் கர்ப்பத்தில் சற்று அதிகம். ஆகவே 20 வார ஸ்கேனுக்குப் போகும்போது "நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, கொடி எங்கே சேர்கிறது, கருப்பைவாய்க்குக் குறுக்கே ரத்தக் குழாய் ஏதும் ஓடுகிறதா" என்ற மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக இருந்து, முன்பு சொன்ன ஃபைப்ராய்டு வெட்டு போன்ற காரணமும் இல்லையென்றால், சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வதில் மற்ற கர்ப்பிணிகளுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. பிரசவ தேதி தாண்டினால் எவ்வளவு நாள் காத்திருப்பார்கள் என்பதை மட்டும் 36 வாரத்துக்குள் டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.