ரிங் ஏறுமுன் கை நடுங்கினால்?

கேள்வி: வயது 19. குத்துச்சண்டைப் பயிற்சியில் தெம்பாக இருக்கிறேன். போட்டியன்று மட்டும் கை நடுங்குகிறது. முதல் ரவுண்டிலேயே மூச்சு வாங்குகிறது. அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் போட்டி. என்ன செய்ய?
– வாசகர், களியக்காவிளை

பதில்: தம்பி, நடுக்கம், பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோனின் வேலை. அதை அடியோடு ஒழிக்கப் பார்க்காதீர்கள், கையும் மந்தமாகிவிடும். மூச்சு வாங்குவதுதான் கவனிக்க வேண்டியது. பதற்றத்தில் தோளையும் முஷ்டியையும் இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவதே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்' என்று மூச்சை விடுங்கள். குத்து போய்ச் சேரும் கணத்தில் மட்டும் முஷ்டி இறுகினால் போதும்.

காத்திருக்கையில் மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 முதல் 8 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். 3 நிமிடம் போதும். வேகவேகமாக ஆழ இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். பயம் கூடிவிட்டதாகத் தோன்றும். வார்ம்-அப் வேர்க்கும் அளவுக்கு, களைக்கும் அளவுக்கு அல்ல. உங்களுக்கு முன் நடக்கும் சண்டை நாக்-அவுட்டில் சீக்கிரம் முடிந்தால் உங்கள் பெயர் சட்டென்று வரும். வார்ம்-அப்பைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

3 மணி நேரம் முன்பு இட்லியோ அவித்த ஏத்தன்பழமோ (நேந்திரம்பழம்) சாப்பிடலாம். எண்ணெயில் பொரித்த பழம்பொரி சண்டை முடிந்தபிறகு! பழக்கமில்லாத கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத டீ) அன்று வேண்டாம். போட்டியின் எடைப்பிரிவுக்குள் வரத் தண்ணீரைக் குறைத்திருந்தாலும் நெஞ்சு படபடக்கும். எடை பார்த்ததும் உப்பிட்ட கஞ்சித்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் ரிங் ஏறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.