வாகனம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என் காரின் நான்கு டயர்களையும் ஒரு பணிமனையில் மாற்றி ஐந்து வாரங்கள் ஆகின்றன. சென்ற வாரம் இரவில் பின்சக்கரம் ஒன்று பஞ்சராகிவிட, ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ளலாம் என்று காரோடு வந்த வீல் ஸ்பேனரை எடுத்தேன். ஐந்து போல்ட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்பேனரின் கைப்பிடி மேலேயே ஏறி நின்றேன். என் எடை 70 கிலோ. நின்று, குதித்துப் பார்த்ததில் மூன்று போல்ட்டுகள் இளகின. நான்காவதில் ஸ்பேனர் வழுக்கி, போல்ட் தலையின் முனைகள் மழுங்கிவிட்டன. கடைசியில் மீட்பு வண்டியை அழைத்துத்தான் காரை எடுத்து வந்தேன். பணிமனைப் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னால், "இறுக்கமாக இருந்தால்தானே சார் பாதுகாப்பு? லூசாக விட்டிருந்தால் சக்கரமே கழன்று ஓடியிருக்கும்" என்று சிரிக்கிறார். நான் புகார் செய்வதில் நியாயம் இருக்கிறதா? இருந்தால், எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

பதில்: நியாயம் இருக்கிறது. பஞ்சரான சக்கரத்தைக் கார் உரிமையாளர் தாமே கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் உற்பத்தியாளர் டிக்கியில் அந்த ஸ்பேனரை வைத்துக் கொடுக்கிறார். அந்த ஸ்பேனருக்குக் கட்டுப்படாத அளவுக்கு ஒருவர் போல்ட்டை இறுக்கி அனுப்பினால், ஸ்டெப்னி இருந்தும் அது இல்லாத காராகத்தான் உங்களிடம் வந்து சேர்கிறது.

பொறுப்பாளர் சொன்ன பதிலை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் புகார் கொடுக்கப் போகும் எல்லோருக்கும் அநேகமாக இதே பதில்தான் கிடைக்கும். சக்கர போல்ட் என்பது உண்மையில் மிகவும் விறைப்பான ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்டது பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியோடு) அழுத்திப் பிடித்து வைக்கிறது. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் திருகுவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவிசையாக மாறுகிறது. பாதியளவு போல்ட் தலையின் அடியிலும் மீதி மரையிலும் உராய்வாகவே செலவாகிவிடும். உங்கள் போல்ட் தலையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், 10.9 என்றோ 8.8 என்றோ பொறித்திருக்கக்கூடும். 10.9 என்றால் அந்த எஃகின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன், அதில் 90 சதவீதத்தை, அதாவது 900 நியூட்டனை எட்டும்போது அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். அந்த எல்லையைத் தாண்டி இறுக்கிய போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அடுத்த முறை சரியான அளவில் இறுக்கினாலும் அதை நம்ப முடியாது. மரை சிதையலாம், ஒருநாள் தலையே முறிந்து போகலாம். ஆகவே இறுக்கம் பாதுகாப்புதான் என்பது குறிப்பிட்ட அளவு வரைக்கும் உண்மை. அதற்கு மேல் போனால் அந்த இறுக்கமே ஆபத்து.

இப்போது நீங்கள் கைப்பிடியில் ஏறி நின்ற கதைக்கு வருவோம், ஏனென்றால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 70 கிலோ எடை என்பது ஏறக்குறைய 687 நியூட்டன் விசை. ஸ்பேனரின் கைப்பிடி 30 சென்டிமீட்டர் நீளம் என்றும், அது தரைக்கு இணையாக இருக்க நீங்கள் அதன் நுனியில் நின்றீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், போல்ட்டின் மீது விழுந்த திருகுவிசை சுமார் 206 நியூட்டன் மீட்டர். பெரும்பாலான பயணிகள் கார்களின் சக்கர போல்ட்டுகளுக்கு உற்பத்தியாளர் கேட்பது 80 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள் ஏதோ ஒரு அளவு. உங்கள் காருக்கு உரிய எண் கையேட்டில் இருக்கும். உதாரணமாக 110 என்று போட்டிருந்தால், அதே ஸ்பேனரின் நுனியில் 37 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் போதும். நீங்களோ ஏறத்தாழ அதன் இருமடங்கு எடையோடு நின்றும் போல்ட் அசையாமல் இருந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். துருவும் தூசியும் சேர்ந்தால் நியாயமாக இறுக்கிய போல்ட்கூடக் கழலும்போது அடம் பிடிக்கும், பொறுப்பாளரும் அதைத்தான் சொல்வார். அதற்குப் பதில் உண்டு: சுத்தமான மரையில் கழற்றத் தேவைப்படும் விசை, இறுக்கிய விசையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், மரையின் சரிவு கழற்றுவதற்குத்தான் துணைபோகிறது. ஐந்து வாரத்தில் எல்லாப் போல்ட்டும் ஒருசேரத் துருப்பிடித்து இருமடங்கு பிடிவாதம் காட்டும் என்பது சாதாரணமாக நடக்கிற காரியம் அன்று. இருந்தாலும் வாதம் அங்கே சிக்கிக்கொள்ளும். ஆகவே "ரொம்ப இறுக்கிவிட்டீர்கள்" என்று தொடங்காமல், எந்தக் கருவியால் இறுக்கி முடித்தீர்கள், எந்த அளவில், அந்த அளவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இருக்கும் பணிமனை உடனே சொல்லிவிடும். "ஏர் கன்தான் சார், அதிலேயே சரியாக வந்துவிடும்" என்று பதில் வந்தால், உங்கள் புகாரின் பாதி அதிலேயே நிரூபணமாகிவிட்டது. ஏர் கன் என்பது காற்றழுத்தத்தால் போல்ட்டைச் சுழற்றும் கருவி; சக்கரம் மாற்றும் ஏர் கன்களில் பல 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரக்கூடியவை. அதன் பொத்தானை விரலால் எத்தனை நொடி அழுத்தினோம் என்பதைத் தவிர அதில் அளவு என்று எதுவும் இல்லை. கன்னால் போல்ட்டை உள்ளே ஓட்டுவதில் தவறில்லை. இறுதி இறுக்கத்தை, சக்கரம் தரையைத் தொட்டிருக்க, எதிரெதிர் வரிசையில், டார்க் ரெஞ்சால் (திருகுவிசையை அளந்து இறுக்கும் ஸ்பேனரால்) கையால் முடிக்க வேண்டும். (ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து இறுக்கிவிட்டு, அதைத் திறமை என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தவன்தான்.)

உங்களிடம் இன்னும் மூன்று சக்கரங்கள் தொடப்படாமல் இருக்கின்றன, அவைதான் உங்கள் சாட்சி. அவற்றை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். உச்ச அளவைத் திரையில் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் வேறொரு மெக்கானிக்கிடம் போய், போல்ட் முதன்முதலில் அசையும் கணத்தில் என்ன எண் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி, அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அவர் கையெழுத்தோடு ஒரு தாளிலும் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய போல்ட்டுகளைக் குப்பையில் போட விடாதீர்கள். அதே வகைப் புதிய போல்ட் ஒன்றின் மரையைப் பழையதன் மரையோடு பல்லுக்குப் பல் பொருந்தும்படி பக்கவாட்டில் வைத்து, பின்னால் வெளிச்சம் இருக்குமாறு தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நீளாத போல்ட் கடைசிப் பல் வரைக்கும் கச்சிதமாக உட்காரும். நீண்டதில் நாலைந்து பல் தாண்டியதும் பொருத்தம் விலகி, இடையில் வெளிச்சக் கீற்று தெரியும். அப்படிக் கீற்று தெரியும் போல்ட்டுக்கு மேல் வாதமே வேண்டாம். அலாய் சக்கரமாக இருந்தால் போல்ட் தலை உட்காரும் குழிவையும் பாருங்கள்; அங்கே உலோகம் பிதுங்கியோ வெடித்தோ இருந்தால் படம் எடுத்துவிடுங்கள். ஒரே சக்கரத்தில் போல்ட்டுக்குப் போல்ட் இறுக்கம் மாறினால் பிரேக் டிஸ்க் நெளிவதும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது அதிர்வு உணர்ந்தால் மட்டும் அதைக் குறிப்பிடுங்கள். இல்லாத குறையைச் சேர்த்து எழுதினால் இருக்கும் குறையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கடிதத்தைக் கோபமில்லாமல், சுருக்கமாக எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: "இந்தத் தேதியில், ஓடோமீட்டர் இத்தனை கிலோமீட்டர் காட்டியபோது, இந்த எண்ணுள்ள பில்லின்படி தங்கள் பணிமனையில் நான்கு சக்கரங்களும் மாட்டப்பட்டன. இடையில் வேறு யாரும் அவற்றைத் தொடவில்லை. உற்பத்தியாளர் குறித்த அளவு இவ்வளவு; கழற்றும்போது பதிவான அளவு இவ்வளவு. இதனால் ஒரு போல்ட் சேதமாகி, மீட்பு வண்டி அழைக்க நேர்ந்தது. போல்ட்டுகளை மாற்றித் தருமாறும், ஹப் மரைகளைச் சோதிக்குமாறும், மீட்புச் செலவைத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்." மழுங்கிய ஒன்றை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள், ஐந்தும் ஒரே கையால் இறுக்கப்பட்டவை. சேதம் தெரியாத சக்கரத்துக்குப் புதுச் சக்கரம் கேட்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம், அப்போது இதே கடிதமும் அந்தப் போல்ட்டுகளும் போதும்.

கேள்வி: இதே போன்ற புகாரோடு நான் போனபோது, பணிமனையில் டார்க் ரெஞ்சை 120 நியூட்டன் மீட்டரில் வைத்து ஒவ்வொரு போல்ட்டையும் என் கண் முன்னால் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் 'டக்' என்று சத்தம் வந்தது. "பாருங்கள், சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

பதில்: அவர்கள் காட்டியது, போல்ட் 120-க்குக் குறைவாக இல்லை என்பதை மட்டும்தான். வைத்த அளவை எட்டியதும் சத்தம் எழுப்புவதுதான் அந்த ரெஞ்சின் வேலை; 120-இல் வைத்த ரெஞ்ச், 120-இல் இறுக்கிய போல்ட்டிலும் அடிக்கும், 300-இல் இறுக்கிய போல்ட்டிலும் அதே 'டக்' அடிக்கும். போல்ட் சிறிதும் திரும்பாமல் உடனே சத்தம் வந்திருந்தால், உங்கள் சந்தேகம் கூடத்தான் வேண்டும். லூசாக இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல சோதனை, அதிக இறுக்கத்துக்கு அது சோதனையே அன்று. ஒவ்வொரு போல்ட்டையும் முழுதாகத் தளர்த்தி, மரையைத் துடைத்து, மீண்டும் 120-க்கு இறுக்கித் தரும்படி கேளுங்கள். கழற்றும்போது மெக்கானிக் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இனிமேல் எளிதாகக் கழல வேண்டும் என்று போல்ட் மரையில் கிரீஸ் தடவிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கையேடு சொன்னால் ஒழிய வேண்டாம். கிரீஸ் உராய்வைக் குறைப்பதால், டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு மாறாமலே போல்ட்டின் மீது விழும் இழுவிசை கூடிவிடும். பணிமனை செய்ததை நீங்களே செய்ததாக ஆகும். கம்பித் தூரிகையால் மரையைத் துடைத்து, உலர்ந்த நிலையில் மாட்டுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, சக்கரம் சூடு ஆறியிருக்கும்போது, அதே அளவில் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.