லிஸவேத்தாவை ஏன் மறந்தான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' படித்து முடித்தேன். ரஸ்கோல்னிகோவ் சரணடையும் இடத்தில் அழுதுவிட்டேன். ஆனால் சைபீரியச் சிறைக்குப் போன பிறகும் அவன் கொலைக்காக வருந்தவே இல்லை. தாக்குப்பிடிக்காமல் போய் ஒப்புக்கொண்டதுதான் தன் குற்றம் என்று நினைக்கிறான். பிறகு எப்படி இதைக் குற்றவுணர்வின் மகத்தான நாவல் என்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஏமாற்றம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. கடைசிப் பக்கங்களில் வரும் மனமாற்றம் எனக்கும் அவசரமாகவே படுகிறது. ஆனால் அவன் வருந்தாமல் இருப்பதற்கான தடயத்தை தஸ்தயேவ்ஸ்கி தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொண்டு வருகிறார். அந்தத் தடயம் லிஸவேத்தா.

வட்டிக்காரக் கிழவியைக் கொல்ல அவனிடம் ஒரு கோட்பாடு இருந்தது: நெப்போலியன் போன்ற அசாதாரண மனிதர்கள் சட்டத்தை மீறலாம் என்று கட்டுரையே எழுதியிருக்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட தங்கை லிஸவேத்தாவைக் கொல்ல எந்தக் கோட்பாடும் இல்லை. கோடரி ஓங்கியபோதும் அவள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. வெறும் இடது கையை மெல்ல முன்னால் நீட்டுகிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக அவன் மனம் கிழவியையே சுற்றிவருகிறது. லிஸவேத்தாவின் நினைப்பே ஏன் வருவதில்லை என்று ஓரிடத்தில் அவனே திகைக்கிறான். கிழவியைப் பற்றிய தவிப்பெல்லாம் உண்மையில் அவனைப் பற்றியதுதான்: நான் நெப்போலியனா, வெறும் பேன் பூச்சியா?

ஐந்தாம் பாகத்தில், குடும்பத்துக்காக உடலை விற்க நேர்ந்த சோனியாவிடம் உண்மையைச் சொல்ல வருகிறான். அவள் முகத்தில் சட்டென்று லிஸவேத்தாவின் முகம் தெரிகிறது. சோனியாவும் அதேபோல இடது கையை நீட்டியபடி பின்வாங்குகிறாள். என் வாசிப்பில் நாவலின் உச்சம் இதுதான். எந்தக் கோட்பாட்டாலும் மூட முடியாத ஒருத்தியை அவன் முதன்முறையாக நேருக்கு நேர் பார்க்கிறான். சோனியா அவனுக்கு வாசித்துக்காட்டிய வேதாகமம்கூட லிஸவேத்தா கொண்டுவந்து கொடுத்தது.

குற்றம் செய்தவன் வருந்துவது யாருக்காக, தனக்காகவா, பாதிக்கப்பட்டவளுக்காகவா? 1866இல் வந்த இந்தக் கேள்வியை, 1899இல் தல்ஸ்தோய் 'புத்துயிர்ப்பு' நாவலில் இன்னும் கறாராகக் கேட்டார். இளமையில் வேலைக்காரப் பெண் கத்யூஷாவோடு கூடிவிட்டு, கையில் நூறு ரூபிளைத் திணித்துப் போனவன் நெஹ்லூதவ். வருடங்கள் கழித்து அவள் கொலைவழக்கில் கூண்டில் நிற்கிறாள். அவன் ஜூரியில் உட்கார்ந்திருக்கிறான். மனம் உடைந்து சிறைக்கே போய், உன்னை மணந்துகொள்கிறேன் என்கிறான். அவள் கொதித்துப்போகிறாள். இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், மறு உலகத்திலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்கிறாள்.

செத்துப்போன லிஸவேத்தாவால் கேட்க முடியாததை உயிரோடிருக்கும் கத்யூஷா கேட்டுவிடுகிறாள். அவன்மேல் அன்பு இருந்தும், கடைசியில் அரசியல் கைதி சிமன்சனோடுதான் போகிறாள். தீங்கு செய்தவனின் மன நிம்மதிக்காக அவளை இன்னொரு முறை பலிகொடுக்க தல்ஸ்தோய் சம்மதிக்கவில்லை.

'புத்துயிர்ப்பு'க்கு ரா. கிருஷ்ணையாவின் தமிழாக்கம் இருக்கிறது. முடிவில் பிரசங்கம் சற்று தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். படித்துவிட்டு ரஸ்கோல்னிகோவைப் பற்றி மறுபடியும் எழுதுங்கள்.