ஒதுக்கப்பட்டவர்களோடு சேர்ந்து வாழப் போனால் படைப்பாற்றல் மங்கிவிடுமா? ஒரு கிறிஸ்தவக் கலைஞர் எதைத் தேர்ந்தெடுப்பது?

மங்காது. வேலை செய்யும் விதம்தான் மாறும். நான் படம் வரைபவள். அறிவுசார் குறைபாடு உள்ள சிலரோடு ஒரே வீட்டில் வாழ்கிறேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஃபிரிட்ஸ் ஐகன்பெர்க்கின் மரச்செதுக்கு ஓவியம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். இலவச உணவுக்காக வரிசையில் நிற்கும் ஏழைகள். நடுவில் இயேசு, அவரைச் சுற்றி ஒளி. அவர் பரிமாறவில்லை, தானும் பசியோடு நிற்கிறார். பசித்தவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 25ஆம் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் பார்த்ததில்லை. டாரத்தி டேயும் பீட்டர் மாரினும் 1933 மே 1 அன்று நியூயார்க்கில் தொடங்கிய 'கத்தோலிக் வொர்க்கர்' இதழுக்காகத்தான் அவர் தொடர்ந்து வரைந்தார். இதழின் விலை ஒரு சென்ட். வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற படங்கள் வேண்டும் என்று டே கேட்டிருந்தார். இதழ் நடத்தியவர்களே வீடற்றவர்களோடு தங்கி, அவர்களோடு சாப்பிட்டார்கள்.

ஹென்றி நௌவென் கத்தோலிக்கக் குரு, எழுத்தாளர்; யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். 1986இல் கனடாவின் டொரன்டோ அருகே, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு மற்றவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகத்தில் சேர்ந்தார். பேச முடியாத ஆடம் என்ற இளைஞரைக் காலையில் குளிப்பாட்டி, சவரம் செய்து, உணவு கொடுப்பது அவர் வேலை. எழுத்து நின்றுபோகவில்லை. ஆடமைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார்.

எங்கள் வீட்டில் ஒருவர் களிமண்ணை உருண்டை பிடித்து வரிசையாக வைப்பார். பொம்மையாகவோ கிண்ணமாகவோ அது மாறாது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து, சூடேறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கீழே வைப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரையும்போது என் கையிலும் அவசரம் குறைகிறது. ஜெபத்தில்கூட எனக்கு இவ்வளவு பொறுமை வாய்த்ததில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. லார்ஷைத் தொடங்கிய ழான் வனியே பல பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியது 2020இல் விசாரணை அறிக்கையில் வெளிவந்தது. எவ்வளவு பக்தியுள்ள தலைவரானாலும் கேள்வி கேட்க ஆள் இல்லாத சமூகத்தில் சேராதீர்கள்.

எடுத்த எடுப்பில் குடியேற வேண்டாம். வாரம் ஒருமுறை போய்ச் சேர்ந்து சாப்பிடுங்கள், பாத்திரம் கழுவுங்கள். தூரிகையைக் கொஞ்ச நாள் கழித்து எடுத்துப் போகலாம். அங்கே யாருடைய முகத்தையாவது வரைந்தால் முதலில் அவரிடமே காட்டுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் கண்காட்சிக்குக் கொடுக்காதீர்கள்.