மூலத்தைத் தேடாத மூக்குகள்: துர்நாற்ற நீக்கம் குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்பவை. நாற்றத்தின் மூலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

சுத்தம், சீரமைப்புத் தொழிலுக்குச் சான்றிதழ் தரும் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பின் துர்நாற்றக் கட்டுப்பாட்டு வகுப்பு ஒரே நாள்தான் என்கிறார்கள். அதை முடித்ததும் தனியாக வேலை எடுக்கலாமா? (மதுரை)

எடுக்கக் கூடாது. முகர்வு எப்படி நிகழ்கிறது, மூலங்கள் எத்தனை வகை, எந்தக் கருவி எதற்கு என்பவற்றை அறிமுகம் செய்வதற்கு அந்த ஒரு நாள் போதும்; கை பழகுவதற்குப் போதாது. நம்மூர் வீடுகளில் நாற்றத்துக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம் என்பதால், நீர்ச்சேதச் சீரமைப்புக்கான மூன்று நாள் வகுப்பை முதலில் முடியுங்கள். பிறகு ஓராண்டாவது அனுபவமுள்ள ஒருவருடன் சென்று, அலமாரிகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பழகுங்கள்.

பூனைச் சிறுநீர் நாற்றத்துக்கு ப்ளீச் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் மீண்டும் வந்துவிட்டது. (திருச்சி)

தரை டைல்ஸா, சிமெண்டா, பாயா, மெத்தையா என்று எழுதவில்லை. இது இல்லாமல் என்ன பதில் சொல்வது? பொதுவாகச் சொல்வதானால், சிறுநீரிலுள்ள யூரிக் அமில உப்புகள் தண்ணீரில் எளிதில் கரையாமல் டைல்ஸ் இடுக்குகளில் தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடியும் மணக்கின்றன. அவற்றைச் சிதைப்பதற்கு எஞ்சைம் (நொதி) கரைசல் வேண்டும். அது சிறுநீர் இறங்கிய ஆழம் வரை இறங்கி, காயாமல் பல மணி நேரம் நிற்க வேண்டும். ப்ளீச்சின் மிச்சத்தை நன்றாகக் கழுவிய பிறகே அதை ஊற்றுங்கள். இல்லையெனில் எஞ்சைம் வேலை செய்யாது. இன்னொன்று: சிறுநீரில் உண்டாகும் அமோனியாவுடன் ப்ளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு கிளம்பும். இருமல் வரவில்லையென்றால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

வெள்ளம் புகுந்த வீட்டில் ஓசோன் மெஷினை எத்தனை மணி நேரம் ஓட விட வேண்டும்? வீட்டுக்காரர்கள் பக்கத்து அறையில் இருக்கலாமா? (சென்னை, வேளச்சேரி)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பக்கத்து அறையிலும் கூடாது, மாடியிலும் கூடாது. நாய், கிளி, மீன்தொட்டி, செடி எதுவும் இருக்கக் கூடாது. ஓசோன் நாற்றத்தை அழிக்கும் வாயு; நுரையீரலுக்கும் அது கேடு. அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்கு ஓசோனின் உச்சவரம்பு 0.1 பி.பி.எம்.; அதாவது காற்றில் ஒரு கோடிக்கு ஒரு பங்கு. நாற்றத்தை அழிக்கும் அளவுக்கு ஓசோனை ஏற்றினால் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடுவோம். வேலை முடிந்ததும் கதவு, ஜன்னல்களைத் திறந்து, ஓசோன் முழுவதும் வெளியேறிய பிறகே ஆட்களை உள்ளே விட வேண்டும்.

இனி முதல் கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வேறொரு குழு மூன்று முறை தரையைக் கழுவி, இரண்டு இரவுகள் ஓசோன் ஓட்டி, எலுமிச்சை வாசனை தெளித்து, பணமும் வாங்கிச் சென்றிருந்தது. அடுத்த மழையில் நாற்றம் அப்படியே திரும்பியது. சமையலறை அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றினோம். பின்னால் விரற்கடை கனத்துக்குக் கறுத்த சேறு, அதன் மேல் ஊறி உப்பிய பிளைவுட். சேற்றை வழித்து, பலகையை வெட்டி எறிந்து, சுவரைக் கழுவி, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வைத்து நான்கைந்து நாட்கள் காய வைத்தபின் ஓசோனுக்கு வேலையே இருக்கவில்லை. காற்றிலும் மேற்பரப்பிலும் இருப்பதைத்தான் ஓசோன் தாக்கும். பலகைக்குப் பின்னால் இருக்கும் சேற்றை அதனால் என்ன செய்ய முடியும்? மேலும், எலுமிச்சை வாசனையிலுள்ள லிமோனீன் ஓசோனுடன் வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். நாற்றத்தைப் போக்கப் போனவர்கள் நஞ்சைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர், லேடெக்ஸ் மெத்தை ஆகியவை ஓசோனில் வெடித்துப் போவது தனிக் கதை. எந்த வகுப்பில் பேசினாலும் நான் சொல்வது இதுதான்: மூலத்தை எடுக்காமல் மெஷினின் சுவிட்சைத் தொடாதீர்கள். அப்படியும் ஓசோன் தேவைப்பட்டால், எத்தனை மணி நேரம் என்பதை அறையின் கொள்ளளவும் மெஷினின் திறனும்தான் முடிவு செய்யும். இரண்டையும் நீங்கள் எழுதவில்லை.

குக்கரில் கறி தீய்ந்துவிட்டது. சுவரில் கரி இல்லை, ஆனால் வீடெங்கும் நாற்றம். பெயிண்ட் அடித்தால் போகுமா? (கோவை)

போகாது. புரதம் கருகினால் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய படலம் வீடு முழுவதும் படியும். மின்விசிறி இறக்கையின் மேற்புறத்தையும் அலமாரியின் உச்சியையும் காரத்தன்மையுள்ள கிளீனரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி டீ நிறமாகும். அதையெல்லாம் துடைத்து எடுத்து, திரைச்சீலைகளைத் துவைத்த பிறகும் மிச்சமிருந்தால் தெர்மல் ஃபாகிங், அதாவது நாற்றம் போக்கும் கரைசலைச் சூடாக்கிப் புகைமூட்டமாக அடிப்பது, செய்யலாம். சுவரே உறிஞ்சியிருந்தால் நாற்றத்தை உள்ளேயே அடைக்கும் ஷெல்லாக் பிரைமர் அடித்துவிட்டுப் பெயிண்ட் அடியுங்கள். கழுவாத சுவரில் அடித்த பெயிண்டும் சேர்ந்து நாறும்.

தெர்மல் ஃபாகிங்கின்போது அடுப்பை அணைத்தால் போதுமா?

போதாது. அந்தக் கரைசல்களில் பல எளிதில் தீப்பற்றும். பூஜை விளக்கு உட்பட எந்தச் சுடரும் இருக்கக் கூடாது. புகை அலாரத்தைப் பற்றி அடுக்ககக் காவலரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வேலை முடிந்ததா என்பதை என் மூக்கை வைத்தே முடிவு செய்யலாமா?

கூடாது. சில நிமிடங்களிலேயே மூக்கு பழகிவிடும். உள்ளே வராத ஒருவரை அழைத்து முகரச் சொல்லுங்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டின் குளியலறையில் அழுகிய முட்டை நாற்றம். செப்டிக் டேங்கைத் திறந்து, ஆளை இறக்கிப் பார்க்கச் சொல்கிறார் உரிமையாளர். (சேலம்)

தரையிலுள்ள டிராப் (நீர் தேங்கி நின்று சாக்கடை வாயுவைத் தடுக்கும் வளைவு) காய்ந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். டேங்குக்குள் ஆளை இறக்கும் பேச்சே வேண்டாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு. சுமார் 100 பி.பி.எம். அளவை எட்டினால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு நிற்பவர் அங்கேயே சாய்வார்.

வீட்டில் ஒரே நாற்றம். என்ன கெமிக்கல் அடிக்கலாம், எவ்வளவு அடிக்கலாம்? உடனே பதில் தேவை.

என்ன நாற்றம், எந்த அறை, எப்போதிருந்து, மழை நாளில் கூடுகிறதா, ஏசி போட்டால் கூடுகிறதா என்பவற்றை எழுதி அனுப்புங்கள். அதுவரை எதையும் அடிக்க வேண்டாம்.