மகள் மீன்வளப் பொருளாதாரம் படிக்கட்டுமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் ஐயா. "பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டு மீன் பின்னால் போகிறேன் என்கிறாளே" என்ற வரியில்தான் உங்கள் கவலை முழுக்க இருக்கிறது. மகள் கேட்கும் படிப்பு எதைப் பற்றியது என்று தெரிந்தால் அதில் பாதி குறையும். எத்தனை படகு, எந்த விதியின்படி, எவ்வளவு பிடித்தால் கடலில் மீனும் மிஞ்சும், பிடிப்பவர் கையில் காசும் மிஞ்சும் என்று கணக்குப் போடும் வேலை அது. மீனைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் படிக்க வேண்டியிருக்கும்.

கடல் மீன் வலையில் விழும்வரை யாருக்கும் சொந்தமில்லை. நான் இன்று விட்டுவைத்ததை நாளை பக்கத்துப் படகுக்காரர் அள்ளிக்கொண்டு போவார் என்றால் நான் ஏன் விட்டுவைக்க வேண்டும்? லாபம் தெரிகிறவரை புதுப் படகுகள் வந்துகொண்டே இருக்கும். வரவும் செலவும் சரிக்குச் சரியாகும்போதுதான் நிற்கும். கனடாவின் பொருளாதார அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-லேயே இதை எழுதிவிட்டார். இதற்கு யாரும் பேராசைக்காரராக இருக்க வேண்டியதில்லை. அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்தாலே போதும், மீனும் போகும், லாபமும் போகும். இப்படிக் கைநழுவிய வருமானம் உலக அளவில் 2012-இல் மட்டும் 8,300 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது.

சரி, இதற்கு விதி போட்டால் தீர்ந்துவிடாதா என்பீர்கள். அலாஸ்காவின் ஹாலிபட் மீன்பிடிப்பைப் பாருங்கள். மொத்தமாக இத்தனை டன் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆனால் எந்தப் படகுக்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. முந்தியவருக்கே மீன் என்றானது. பருவம் சுருங்கிச் சுருங்கி, 1990-களின் தொடக்கத்தில் முக்கியமான பகுதிகளில் ஆண்டுக்குச் சில நாள்கள்தான் கடல் திறந்தது, அதுவும் 24 மணி நேரக் கெடுவில். அன்றைக்குப் புயல் அடித்தாலும் போயாக வேண்டும். நேரம் முடிந்துவிட்டால், எடுக்க முடியாத தூண்டில் கயிறுகளை மீனோடு அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். பிடித்ததெல்லாம் ஒரே நேரத்தில் கரையேறும், விலை இறங்கும், பெரும்பகுதி உறைபதனக் கிடங்குக்குப் போகும். 1995-இல் ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள், பங்கை விற்கவும் அனுமதித்தார்கள். பருவம் எட்டு மாதமானது. மீன் பச்சையாகச் சந்தைக்கு வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பங்குகள் விற்கப்பட்டுக் குறைந்த கைகளுக்குப் போயின. சின்னக் கடற்கரை ஊர்கள் தங்கள் பங்கை இழந்தன. புதிதாக வரும் இளைஞர் முதலில் பங்கு வாங்கக் கடன் வாங்க வேண்டும். லாபம் கூடியது சரி, யாருக்குக் கூடியது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் நல்ல ஆலோசகர் ஆவதில்லை என்பது என் எண்ணம்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். அரசு மீன்வளத் துறைகள், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, டூனா மீனுக்கான பிராந்திய ஆணையங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், சான்றிதழ் அமைப்புகள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. மீன்பிடி மானியம் பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் 2025-இல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், மானியக் கணக்கு தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கும். ஒளிக்காமல் சொல்கிறேன், இடங்கள் குறைவு, பலவும் ஒப்பந்த வேலை. அதனால் முதுகலையைப் பொருளாதாரத்திலோ புள்ளியியலிலோ வைத்துக்கொண்டு, மீன்வளத்தை ஆய்வுத் தலைப்பாக எடுக்கட்டும். மீன் கைவிட்டாலும் வங்கியோ காப்பீடோ கைகொடுக்கும். கடல் பிடிக்கும் என்பது மட்டும் காரணமாக இருந்தால் வேண்டாம்.

எண்களைச் சந்தேகிக்கும் குணமும் வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் அழிந்துகொண்டிருந்தபோது, படகுகளின் பிடிப்புக் கணக்கு நன்றாகவே இருந்தது. மிச்சமிருந்த மீன்கள் கூட்டமாக ஒதுங்கின, படகுகளும் அங்கேயே போய்ப் பிடித்தன, அவ்வளவுதான். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது.

உங்கள் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். எக்செல்லில், கடலில் இருக்கும் மீன், அதாவது இருப்பு, 1,000 டன் என்று தொடங்கட்டும். ஆண்டு வளர்ச்சி 0.4 பெருக்கல் இருப்பு பெருக்கல் (1 கழித்தல் இருப்பு வகுத்தல் 1,000). ஆண்டுக்கு 100 டன் பிடித்தால் இருப்பு 500-ஐ நெருங்கி நிலைத்துவிடும். அப்புறம் 110 டன் போட்டுப் பார்க்கட்டும். 500-ஐ ஒட்டி ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு டன்தான் குறையும், பயமே வராது. பிறகு மடமடவென்று காலியாகும். அடுத்து, படகுச் செலவை ஒரு பத்தியாகச் சேர்த்து, அதிக லாபம் தரும் இருப்பு 500-க்கு மேலா கீழா என்று அவளே கண்டுபிடிக்கட்டும். இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதே தெரியவில்லை என்றாளானால், விண்ணப்பம் வாங்கலாம். அந்த ஷீட்டை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.